வெள்ளைத் தரையை உடைத்தோம்

செத்துப்போன ஆற்றை ரேடார் வானத்திலிருந்து பார்த்துவிட்டது. காய்ந்த மணலுக்குள் அதன் கண் இறங்குமாம். பழைய ஆற்றை ஆராய வந்த மாத்தூர் சார் கொண்டுவந்த கறுப்புப் படத்தில் அந்த ஆறு வெள்ளையாய் நெளிந்து, ஜெய்சல்மேருக்கு மேற்கே எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு அடியில் போனது. படத்தில் தெரிந்தது மேல்கரைதான். படுகையின் கூழாங்கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் ஆறு அங்கே ஓடியது என்று அவர் எழுத முடியும். குழி தோண்ட நானும் தம்பி லூணாவும் போனோம்.

இரண்டாள் ஆழத்தில் வெள்ளைத் தரை தட்டியது. எங்கள் பக்கத்தில் குழி தோண்டுகிற எவனும் அங்கே நிறுத்திவிடுவான். பெய்கிற மழை மணலில் இறங்கி அந்தக் கட்டித் தரைமேல்தான் நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் என் தங்கை தாபு வாழ்க்கைப்பட்ட ஊர். அந்த ஊரின் ஐந்து கிணறுகளிலும் ஊறுவது அந்தத் தண்ணீர்தான்.

"என்னடா முழிக்கிற? இன்னும் மூணடி. ஒடை" என்றார் சார்.

உடைத்தால் மேலே நிற்கிற தண்ணீரெல்லாம் கீழே வடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் வேறு எவனாவது வந்து உடைப்பான், கூலியும் அவனுக்குப் போகும் என்று நினைத்தேன். கடப்பாரையைக் குழிக்குள் நின்ற லூணாவிடம் இறக்கினேன்.

உடைத்த நான்காம் நாள் காலையில் இருபது பேர் கோடாலியும் தடியுமாக வந்தார்கள். முன்னால் தாபுவின் புருஷன் பேமாராம். லூணா அப்போது குழிக்குள் இருந்தான்.

"மச்சான், வாளி விட்டா சேறுதான் வருது. உன் தங்கச்சிக்கு என்னத்தக் குடிக்கக் குடுக்கட்டும், உன் மூத்திரத்தையா?"

"மாப்ள, சார்தான் சொன்னாரு..."

"சாருக்கு இந்தத் தரை தெரியாது. உனக்குமா தெரியாது?"

முதல் தடி சாரின் தலையில் இறங்கியது. ரத்தத்தைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறி ஓடிவிட்டார்.

"உள்ள இருக்கிற எலி வெளிய வரட்டும்" என்று பேமாராம் குழிக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகையை உதைத்தான். மிரட்டத்தான் உதைத்திருப்பான். பக்கம் முழுவதும் சரிந்தது. லூணா "அண்ணே" என்றது பாதியில் நின்றுவிட்டது.

மண்வெட்டியோடு குதித்து மணலை அள்ளினேன். பேமாராம் பின்னாலேயே இறங்கி என் முடியைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா, செத்துருவான்!"

"சாகட்டும். எங்க ஊரே சாகப்போகுது."

மண்வெட்டியைத் திருப்பி அவன் முகத்தில் விட்டேன். தாடை உடைந்தது. மறுபடியும் விட்டேன். அந்த இரண்டாவது அடி தேவையில்லாதது. எவனோ தடியால் என் இடது கையை முறித்தான். மிச்சக் கையால் தோண்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களிலேயே இரண்டு பேர் தடியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டு அள்ளினார்கள்.

லூணாவின் முடி தட்டுப்பட்டது. இழுத்துப் போட்டு வாயிலிருந்த மணலை விரலால் தோண்டினோம். இருமினான்.

பேமாராம் எழவில்லை.

தாபு வெறுங்காலோடு ஓடிவந்து, சரிந்த மணல் வழியே குழிக்குள் இறங்கினாள். புருஷன் தலையை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். முகம் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை.

"யாரு?" என்று கேட்டாள்.



"நான்தாம்மா" என்றேன். "தம்பி உள்ள இருந்தான்."

"அந்தத் தரைய ஒடைக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அவள் எழுந்து என் மண்வெட்டியை எடுத்தாள். லூணா தவழ்ந்து போய் அவள் காலைப் பிடித்தான். உதறினாள். நான் கையைத் தூக்கவில்லை. என் வலது கண் அந்த அடியில் போனது.