ரூ பெர்தொனே முனையில் ஒரு மஸ்டாங்

இரண்டாவது பெட்டி கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சாரதாதேவி தரையில் குப்புறப் படுத்து, கூட்டுகிற தும்புத்தடியை உள்ளே விட்டு அதை முன்னுக்கு இழுத்தாள். முன்னறைச் சலோன் முழுக்கச் செத்தவீட்டுக்கு வந்த சனம். "தனிய அறைக்குள்ளை கிடந்து அழுறா போலை, விடுங்கோ" என்று யாரோ ஒரு பெண் இரக்கமாகச் சொன்னது கேட்டது. அவள் அழவில்லை. மூன்று நாள் அழுதாயிற்று. இன்றைக்கு வேலை இருந்தது.

இரண்டு பெட்டிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மேசையில் இடமில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று வந்தவர்கள் சாப்பாட்டோடுதான் வந்திருந்தார்கள். ஆளுக்காள் கதைத்து வைக்காததால் ஐந்து வீட்டாரும் புட்டே கொண்டுவந்திருந்தார்கள். புட்டையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பெட்டிகளை வைத்தாள். எதிரே கோப்பியோடு இருந்த இஞ்ஞாசி பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பெட்டிகளைப் பார்த்தார்.

இஞ்ஞாசி பாண்டிச்சேரிக்காரர். பாரிஸ் பஸ் பணிமனையில் முப்பது வருடம் எஞ்சின் கழற்றிப் பூட்டி ஓய்வு பெற்றவர். அவள் புருஷன் தவரத்தினத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி. ஆர்ஜொந்தெயில் வாடகைக்கு எடுத்த கராஜ் ஒன்றில் இரண்டு பேரும் ஏழு வருடமாக ஒரு காருக்கு எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தவரத்தினம் பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லா ஷப்பலில், ரூ பெர்தொனே முனைச் சாப்பாட்டுக்கடையில் பத்தொன்பது வருடம் கொத்துரொட்டி கொத்தியவர். செவ்வாய்க்கிழமை காலை பல்லு விளக்கிக்கொண்டு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துபோனார். ஐம்பத்தெட்டு வயது. தகனத்துக்கு அடுத்த வியாழக்கிழமைதான் இடம் கிடைத்தது. "இந்த நாட்டிலை செத்தாலும் ரெந்தேவு எடுத்து, நாள் குறிச்சுத் தரும்வரை காத்திருக்கவேணும்" என்று மற்றவர்களின் செத்தவீட்டில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

"இஞ்ஞாசி அண்ணை, எஞ்சின் எந்த அளவிலை நிக்குது?"

"எல்லாம் முடிஞ்சுதும்மா. காம் தண்டு ஒண்ணுதான் பாக்கி. அதைப் போட்டு மூடி, தூக்கி வண்டியில வச்சா ஓடும்." அவர் தயங்கினார். "இப்ப எதுக்கும்மா அது?"

"வியாழக்கிழமைக்கு ஓடவேணும். அவரின்ரை பிரேத வண்டிக்குப் பின்னாலை நான் அதிலைதான் போகப்போறன். ஊரிலையெண்டால் பொம்பிளையளைச் சுடலைக்கு விடாமல் வாசல் படலையோடை மறிச்சுப்போடுவினம். இஞ்சை மறிக்கப் படலை இல்லை."

இஞ்ஞாசி கோப்பியைக் கீழே வைத்தார்.

கார் ஒரு மஸ்டாங். அறுபத்தொன்பதாம் ஆண்டுச் சிவப்பு மஸ்டாங். இரண்டாயிரத்து ஐந்தில் அதை வாங்கிக்கொண்டுவந்து காட்டியபோது முன்மூடிக்குள் ஒன்றுமே இல்லை. "வாங்கேக்கை எஞ்சின் இருக்கோ எண்டு பாக்கேல்லையோ?" என்று கேட்டாள். "இல்லாதபடியாத்தானே எனக்கு விருப்பமானதைப் போடலாம்" என்றார். லா ஷப்பலில் எஞ்சின் இல்லாத காரை ஆசைப்பட்டு வாங்கின ஒரே மனிசன் அவர்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

விருப்பமானதைப் போட அவள் விட்டால்தானே. முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தாள். "சனிக்கிழமை பின்னேரம் லா ஷப்பல் நெரிசலுக்குள்ளை ஊர்ந்து போகவேணும். வெண்டிக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு, கொதிக்காமல், நிக்காமல் வீட்டை வரவேணும். அப்பிடியெண்டால் நான் ஏறுவன்." அதற்குப் பிறகு அந்தக் காருக்கு வந்த ஒவ்வொரு சாமானும் அவளைத் தாண்டித்தான் வந்தது. பெரிய கார்பரேட்டரின் படத்தைக் காட்டினார்; நெரிசலில் அது திணறும் என்று இஞ்ஞாசி தொலைபேசியில் சொன்னதை ஒட்டுக்கேட்டு வைத்திருந்து திருப்பிச் சொன்னாள், நடுத்தரமானது வந்தது. ரேடியேட்டர் மட்டும் அவள் சொல்லிப் பெரிசாக வாங்கியது. கியர்பெட்டியும் அவளுடைய தெரிவுதான், ஓட்டோமாற்றிக். "இடுப்பு நாரி நோவோடை கிளச் மிதிக்கப் போறாராம்." வெங்காயம் வெட்டிக்கொண்டும் உடுப்பு மடித்துக்கொண்டும் அவள் தெரிந்தெடுத்த எஞ்சின் அது. பாதி அவளுடையது என்றால் பிழையில்லை.

மிஞ்சியது காம் தண்டு. எஞ்சின் எப்போது மூச்சை இழுப்பது, எப்போது விடுவது என்று அதுதான் சொல்லும். சின்னக் காம் போட்டால் எஞ்சின் சொன்னபடி கேட்கும், ஊர்ந்து போகும். பெரிய காம் என்றால் நெடுஞ்சாலையில் பறக்கும். மெதுவாகப் போகச் சொன்னால் துள்ளும், குலுக்கும், நின்றே போகும். ஆனால் தவரத்தினத்துக்கு அந்தத் துள்ளலின் சத்தத்தில்தான் விசர், அப்படியொரு ஆசை. டக்கு டடக்கு, டக்கு டடக்கு. கொத்துரொட்டித் தட்டில் அவருடைய இரண்டு தகடுகளும் விழுகிற அதே தாளம். தொலைபேசியில் அதைப் போட்டுவிட்டு, "கேள், நான் வேலை செய்யிறமாதிரி இல்லையோ?" என்பார். "கடையிலை கேட்டது காணாதோ, இன்னும் வேணுமோ?" என்பாள். முடிவெடுக்க முடியாமல் மனிசன் இரண்டையும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

போன திங்கட்கிழமை பின்னேரம் கடைசியாகக் கேட்டார். "சாரதா, வாற ஞாயிறு பூட்டப்போறம். ஒருக்கா யோசிச்சுச் சொல்லு."

"சின்னன்தான். இன்னொருக்காக் கேட்டால் தேத்தண்ணியும் இல்லை."

அவர் சிரித்தார். "சரி, சின்னன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். விடிய, பல்லு விளக்கப் போனார்.

அந்தச் 'சரி'தான் அவளை நாலு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. சண்டை பிடித்திருக்கலாம். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் சரி என்றுவிட்டுப் போய்விட்டார் மனிசன். இனி யாரிடம் போய், இல்லை, உங்கடை விருப்பம் என்று சொல்வது?

இஞ்ஞாசி சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "போட்டுடலாம்மா. பணிமனையில ரெண்டு பசங்களைக் கூப்புடுறேன். புதன்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்."

சாரதாதேவி அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, புட்டுப் பெட்டிகளுக்கு மேல் வைத்தாள். மற்றதை அவர் முன்னால் தள்ளினாள்.

"இதைப் போடுங்கோ."

"இது பெருசும்மா."

"தெரியும்."

"கேளுங்க. ஓட்டோமாற்றிக் வண்டி. இந்தக் காமோட டிரைவ்ல போட்டீங்கன்னா மூச்சு முட்டி நின்னுடும். நெடுஞ்சாலைன்னா பரவாயில்ல. பொண வண்டி பின்னாடி ஆள் நடக்குற வேகத்துல போகணும். முப்பது வருஷமா பஸ் பாத்தவன் சொல்றேன், சிக்னலுக்கு சிக்னல் நிக்கும்."

"நிண்டால் திருப்பி ஸ்டார்ட் பண்ணலாம்தானே, அண்ணை?"

"பண்ணலாம். ஆனா..."

"பிறகென்ன?"

மகள் கஜந்தினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தகனத்துக்கான பேப்பர் வேலையெல்லாம் செய்து களைத்திருந்தவள். "மமோன், ஏழு வருஷமா சின்னன் சின்னன் எண்டு நீதானே பப்பாவை வதைச்சாய்" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"ஓம், வதைச்சன்தான்" என்றாள் சாரதாதேவி. ஒரு புட்டுப் பெட்டியைத் திறந்தாள். பிறகு, "புட்டு கிடக்குது, சாப்பிடு. எடுக்க ஆளில்லை" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம், பிரேத மண்டபத்தின் முற்றத்தில் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றி முடித்தார்கள். இஞ்ஞாசி கழுத்துப்பட்டி கட்டி, நகக்கண்ணில் கறுப்போடு மஸ்டாங்கில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டக்கு டடக்கு, டக்கு டடக்கு. கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது. விம்மிக்கொண்டிருந்த பெண்கள் விம்மலை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சாப்பாட்டுக்கடை முதலாளி நாகேஸ்வரி அழுகையை அடக்க வாயில் பொத்தியிருந்த கைலேஞ்சியை எடுத்தாள்.

"ஐயோ, தவம் கொத்துற சத்தம்" என்றாள். அழுதுகொண்டிருந்த முகம் சிரித்தது. பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கடையைத் திறக்கவேணும் என்று அவள் மெத்ரோவுக்கு ஓடினாள்.

முதல் சிக்னலில் மஸ்டாங் நின்றது. முன்னால் போன பிரேத வண்டி தெருவோரம் ஒதுங்கி, இவர்கள் வரும்வரை காத்திருந்தது. அடுத்த சிக்னலிலும் நின்றது. மூன்றாவது முறை பின்னால் நின்ற கார்கள் ஹோன் அடித்தன. இஞ்ஞாசி கண்ணாடியை இறக்கி, பாண்டிச்சேரித் தமிழிலும் பிரெஞ்சிலும் அவர்களுக்குப் பதில் சொன்னார். பின்சீற்றில் கஜந்தினி கன்னத்தில் ஈரத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாரதாதேவி முன்சீற்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். சீற் நடுங்கியது, அவளும் சேர்ந்து நடுங்கினாள்.

அவள் கேட்டுக்கொண்டபடி வண்டி லா ஷப்பலுக்குள்ளால் போனது. ரூ பெர்தொனே முனையில், கடை வாசலுக்கு நேரே, மஸ்டாங் ஐந்தாவது முறையாக நின்றது. முன்னால் பிரேத வண்டியும் நின்றது. அதன் சாரதி இறங்கி வந்து குனிந்து, மூன்று மணிக்குத் தகனசாலையில் இருக்கவேண்டும் மதாம் என்று மரியாதையாகச் சொன்னார். இரண்டேகால்தான் ஆகியிருந்தது. "நேரம் கிடக்குது, மெசியூ" என்று அவள் பாதித் தமிழில் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

இஞ்ஞாசி சாவியில் கை வைத்தார். அவள் அவருடைய மணிக்கட்டைத் தொட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை."

"நிக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னனீங்கள். எனக்கும் தெரியும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சீற்றில் சாய்ந்தார்.

கடைக்குள் புதிதாக வந்தவர் கொத்திக்கொண்டிருந்தார். தாளம் இன்னும் பிடிபடவில்லை. நாகேஸ்வரி மூன்று கப் தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, கார்க் கண்ணாடிக்குள்ளால் ஒவ்வொன்றாக நீட்டினாள். நல்ல சூடு. சாரதாதேவி ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தாள். முன்னால் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தபடி நின்றது.