குழலுக்குப் பிடித்த குடை

பெரின் பாட்லிவாலா எடுத்த குடை விளம்பரம் முப்பது விநாடிதான் ஓடியது. ஆனால் அந்த ஜூன் மாதம் ஜயவந்த் கார்கானிஸ் எங்கே போனாலும், அது அவனுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. தாதரிலிருந்து சர்ச்கேட் போகும் ரயிலில், கழுத்துப்பட்டை கட்டிய வங்கி அதிகாரி ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு "குளுக், குளுக்" என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஜயவந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விளம்பரம் இதுதான். கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை குதிரைமேல். சிவப்புக் கோட்டுப் போட்ட பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டு வருகிறார்கள். மழை கொட்டுகிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். தோளைச் சுற்றிப் பெரிய பித்தளைக் குழலை மாட்டிய பருமனான ஆள் மட்டும் ஓட முடியாமல் நிற்கிறார். குழலின் வாய் வானத்தைப் பார்த்து இருக்கிறது, தண்ணீர் நிரம்புகிறது. ஊதினால் "குளுக்". ஒரு சிறுமி வந்து எக்கி நின்று குடையை விரித்து, அவருக்குப் பிடிக்காமல் குழலுக்குப் பிடிக்கிறாள். அவர் தொப்பலாக நனைந்தபடி மறுபடி ஊதுகிறார். இந்த முறை ராகம் வருகிறது. குதிரை தலையாட்டுகிறது. கடைசி இரண்டு விநாடி, 'ஜுக்னூ குடை' என்ற எழுத்து.

நான்கு வருடம் ஜயவந்தின் எதிர் மேசையில் உட்கார்ந்து அவனிடம் வரிகளைக் காட்டித் திருத்தம் வாங்கியவள் பெரின். போன வருடம்தான் வேறு விளம்பர நிறுவனத்துக்குப் போனாள். அந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பது ஜயவந்துக்கு அக்கு அக்காகத் தெரிந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கண் பழகியதைத் தாண்டிப் போய்விடும். மழையில் மனிதன்மேல் குடை என்றால் யாரும் நிற்பதில்லை. குடை மனிதனை விட்டுவிட்டுக் குழல்மேல் போனதும், 'இது என்ன?' என்று மனம் கேட்டுவிடுகிறது. கேட்ட மனம் பதில் வரும்வரை எழுந்து போகாது. இது தெரிந்தும் அவனுக்கு ஏன் தோன்றவில்லை?

அவன் எழுதியது ராஜ்மயூர் குடைக்கு. பம்பாயில் மூன்று தலைமுறையாக விற்கிற குடை. கோட்டுப் போட்ட ஒருவர் குடையின் கம்பியை வளைத்துக் காட்டி, முப்பது விநாடியில் ஐந்து முறை பெயரைச் சொல்வார்.

"ஆறாவது தடவையும் அந்தப் பேண்டுக்காரனைப் பாத்துச் சிரிக்கறியே," என்று மனைவி சரயுவிடம் எரிந்து விழுந்தான்.

"நல்லாருக்கு, சிரிக்கறேன்."

"என்னோடது வந்தப்ப எங்க போன?"

"குக்கரை இறக்கப் போனேன். உங்க விளம்பரம் வந்தாத்தான் எனக்கு அடுப்பு ஞாபகம் வருது."

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் விசாரணை வேலை பார்க்கும் குமுத்தாயியுடன் கிர்காவ் குடியிருப்புகளுக்குக் கிளம்பினான். ஞாயிறு மாலை தூர்தர்ஷன் படத்துக்கு நடுவே விளம்பரம் வந்தால், மறுநாள் வீடு வீடாகப் போய் எது நினைவிருக்கிறது என்று விசாரிப்பது நிறுவனத்தின் வழக்கம். கேட்பவர் முதலில் எந்தப் பெயரையும் சொல்லக்கூடாது. குமுத்தாயி இருபது வருடமாக இதைச் செய்கிறவர். விளம்பரம் எழுதுகிறவர்கள் யாரும் அவருடன் வந்ததில்லை. பெரினின் விளம்பரத்தைப் பற்றி ஒருத்தராவது குறை சொல்லிக் காதால் கேட்கவேண்டும் என்பதே ஜயவந்தின் ஆசை.

முதல் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "அந்த வாத்தியத்துக்குக் குடை பிடிப்பாளே ஒரு பொண்ணு, அது."

"எந்தக் குடைக்கு வந்துச்சு தாயி?"

"ராஜ்மயூர்தான். ஊர்ல வேற குடை என்ன இருக்கு?"

குமுத்தாயியின் பேனா நின்றது. ஜயவந்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

நாற்பத்திரண்டு வீடு. முப்பத்தொரு வீட்டில் பேண்டுக்காரர். அவர்களில் பத்தொன்பது பேர் ராஜ்மயூர் என்றார்கள். ஜுக்னூ என்றவர் நால்வர். மற்றவர்களுக்குப் பெயரே தெரியவில்லை. ஜயவந்தின் விளம்பரத்தைச் சொன்னது இரண்டே பேர்; அதில் ஒருவர், "அந்தக் கத்தற ஆளா?" என்று கேட்டார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பெயர் வருகிற கடைசி இரண்டு விநாடி ஊரே சிரித்துக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறவன் படிப்பதில்லை. பெயர் இல்லாமல் மனதில் ஒரு காலியிடம் விழுகிறது. அந்த இடத்தில், தானாகவே, அதிகம் பழகிய பெயர் போய் உட்கார்ந்துவிடுகிறது. நன்றாகச் சிரிக்க வைக்கிற விளம்பரக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அந்த வாரமே ராஜ்மயூர் முதலாளி ஹஸ்முக் சேட் மஸ்ஜித் பந்தரிலிருந்து போன் செய்தார். "ஜயவந்த்பாயி, கடைக்காரங்க வரிசையில நிக்கறாங்க. கிடங்கு காலி. அஞ்சு தடவை பேர் சொன்னோமில்ல, அதோட பலன். இப்படியே போனா அடுத்த வருஷ வேலையும் உங்களுக்குத்தான்."

"சந்தோஷம் சேட்ஜி," என்றான். வாய் கசந்தது. கிடைத்த பாராட்டும் அவள் போட்ட பிச்சைபோல இருந்தது. விசாரணை அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான்.

பெரின் பத்து நாள் கழித்து ஃபோர்ட்டில் ஓர் இரானி ஓட்டலுக்குக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெண்ணெய் தடவி வந்த பன் மஸ்காவைத் தொடவில்லை.

"ஜுக்னூக்காரர் படத்தை நிறுத்தச் சொல்றார் ஜயவந்த். ஊரே சிரிக்குது, குடை மட்டும் கடையிலயே தூங்குது. வர்ற ஞாயித்துக்கிழமை கடைசி."

"அச்சச்சோ."

"நடிக்காதீங்க, உங்களுக்கு வரல. நாலு வருஷம் நான் எழுதின ஒவ்வொரு வரியிலும் தப்பு கண்டுபிடிச்ச ஆள் நீங்க. இதுல தப்பு எங்க இருக்கு?"

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஞாயிறோடு அந்தக் குழலின் சத்தம் ஓய்ந்துவிடும். ஒரு மாதமாக அவன் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் வாயை மூடினால், அவளுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"பேர் எப்ப வருது?"

"கடைசியில."

"அப்ப பாக்கறவங்க என்ன பண்ணிட்டிருக்காங்க?"

"சிரிக்க..." அவள் நிறுத்தினாள்.

"அதேதான். சிரிப்புக்கு முன்னாடி ஒரு விநாடி இருக்கு. பொண்ணு குடையை விரிக்கறா. இவ என்ன பண்ணப் போறான்னு அத்தனை கண்ணும் அந்தத் துணிமேல நிக்குது. ஊர்ல யாரும் கண்ணைச் சிமிட்டாத விநாடி அது. அதைப் போய் வெறும் கறுப்புத் துணியா விட்டுட்டியே. பேரை அங்க எழுது. துணி நிறைய, மஞ்சள்ல. அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்ப எடு."

பெரின் பையிலிருந்து பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "இது உங்க யோசனைன்னு எங்க ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றாள்.

"வேணாம். சேட் காதுக்குப் போனா என்னைத் துரத்திடுவார்."

"பாவம். நல்லது பண்ணிட்டு ஒளிய வேண்டியிருக்கு."

"கிண்டல் பண்ணாத. பன்னைச் சாப்பிடு."

ஜூலை இரண்டாம் வாரம் மஞ்சள் எழுத்தோடு குடை விரிந்தது. குமுத்தாயியின் அடுத்த விசாரணையில் ஜுக்னூ என்றவர்கள் இருபத்தாறு பேர். மாதுங்கா சந்தையில் ஜுக்னூ கேட்டுக் கிடைக்காமல் ஆட்கள் திரும்பினார்கள். ரயிலில் யாராவது "குளுக்" என்றால் இப்போது ஜயவந்த் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அதில் ஒரு விநாடி தன்னுடையது என்று நினைத்துக்கொள்வான். அடுத்த விநாடியே, பக்கத்து ஆள் அந்தப் பேண்டுக்காரரைச் சொல்லிப் பாராட்ட, பெரினுடைய மீதி இருபத்தொன்பதும் நெஞ்சில் ஏறி மிதிக்கும்.

கணபதி கரைத்த மறுவாரம் ஹஸ்முக் சேட் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் சாய் வந்தது. சேட் சுற்றி வளைக்கவில்லை.

"ஜூலையில நம்ம சரக்கு படுத்துடுச்சு ஜயவந்த்பாயி. அடுத்த வருஷ வேலையை அந்தப் பார்சிப் பொண்ணுகிட்ட கேக்கலாம்னு இருக்கேன்."

"அந்தப் பேண்டுக்காகவா?"

"பேண்டு வெறும் வேடிக்கை. துணியில பேரை எழுதுனாளே, அது வியாபார மூளை. பேண்டு பண்ண நூறு பேர் கிடைப்பாங்க. அந்த மூளைக்குத்தான் நான் பணம் குடுக்கப்போறேன்."

ஜயவந்த் கோப்பையைக் கீழே வைத்தான். பேசாமல் எழுந்து போனால் மரியாதையாவது மிஞ்சும். வாயைத் திறந்தால் அதுவும் மிஞ்சாது. இரண்டும் அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாராட்டு தன் முகத்தைத் தாண்டிப் பெரினுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அதைச் சொன்னது நான்."

"என்ன?"

"துணியில பேர் எழுதச் சொன்னது நான்தான். வேணும்னா பெரினுக்கே போன் போட்டுக் கேளுங்க."

சேட் போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வேலையைக் கையில வெச்சுக்கிட்டு?"

"ஆமா."

"எதுக்கு?"

பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"நம்பறேன் ஜயவந்த்பாயி," என்றார் சேட், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "யோசனை உங்களோடதுதான். அதனாலதான் இனி எந்தக் காலத்துலயும் உங்களுக்கு வேலை தரமாட்டேன். சாயைக் குடிச்சிட்டுப் போங்க."

குடித்தான். குறுகலான மரப்படியில் இறங்கும்போது 'உங்களோடதுதான்' என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கு வந்து கைவண்டிகளுக்கு ஒதுங்கி நின்றபோதுதான், சேட் இந்நேரம் போனைக் கையில் எடுத்திருப்பார் என்பதும், அடுத்த வருட வேலைக்குப் பெரினின் எண்ணைத்தான் சுழற்றிக்கொண்டிருப்பார் என்பதும் அவனுக்கு உறைத்தது.