வாய் திறந்தால் நீ

லெஸ்டர் டுபிக்கி ஈவிரக்கம் இல்லாதவன் என்று எங்கள் ஊரில் சொல்லாதவர்கள் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன், அவன் முகத்துக்கு நேராகவே. எங்கள் பேஸ்பால் அணிக்குப் பந்து வீச ஒரு இடதுகைப் பிட்சர் வேண்டும் என்பதற்காகச் சொந்த மச்சானையே பதிலுக்கு வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிட்டவன் அவன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவனுடைய மாமியார் எல்லோருக்கும் வான்கோழி வெட்டி வைத்தாள், அவன் தட்டில் மட்டும் வைக்கவில்லை. பயல் அசரவில்லையே! உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

ஆடிய காலத்தில் அவன் எங்கள் அணியின் ஷார்ட்ஸ்டாப். ஓடுகிறவன் தொடவேண்டிய தளங்களில், இரண்டாம் தளத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் ஆர்வில் ட்ராஸ்க், முதல் தளத்தில் க்ளெம் ராடர் என்கிற நான். முட்டி தேய்ந்ததும் லெஸ்டர் அணியை ஆட வைக்கும் மேனேஜர் ஆனான். பிறகு மைதானத்தை விட்டு மாடி அறைக்குப் போனான். ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, துரத்துவது எல்லாம் அவன் கைக்கு வந்தது. கீழே காலியான மேனேஜர் இடத்தில் ஆர்விலை உட்கார வைத்தான், நான் ஆர்விலுக்கு உதவியாக இருந்தேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சைகை உண்டு. முதல் தளத்தில் நிற்கும் எதிரணிக்காரன் திடீரென்று இரண்டாம் தளத்துக்கு ஓடுவான். அவனை அவுட்டாக்க எங்கள் கேட்ச்சர் அங்கே பந்தை எறிவான். பந்தை வாங்கத் தளத்துக்குப் போவது யார், லெஸ்டரா, ஆர்விலா? இரண்டு பேரும் போனாலும் வம்பு, போகாவிட்டாலும் வம்பு. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் லெஸ்டர் எதிரணி பார்க்காதபடி கையுறையை முகத்தோரம் தூக்கிக்கொண்டு, ஆர்வில் பக்கம் திரும்பி வாயைக் காட்டுவான். உதடு மூடியிருந்தால் 'நான்'. வாய் திறந்திருந்தால் 'நீ'. எல்லா அணியிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் ஒரு தடவைகூட அதைத் தப்பாகப் படிக்காதவன் ஆர்வில் ஒருத்தன்தான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் முழுக்கத் தோற்றோம். தோல்வி என்றால் மானம் போகிற தோல்வி. சொந்த ஊர் ஜனங்களே எங்கள் மேல் வேர்க்கடலைத் தோலை விட்டெறிந்தார்கள். செப்டம்பர் பிறந்ததும் ஒரு காலையில் மிஸஸ் வோகல் உடைமாற்றும் அறைக்கே வந்து நின்றாள். புருஷன் விட்டுப்போன பீர் ஆலையும் அணியும் அவளுடையவை.

"இதுக்கு மேல பொறுக்க முடியாது. அணியைச் சேத்தவனா, ஆட வெச்சவனா, ஒருத்தன் போயாகணும். சாயங்காலம் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லிருக்கேன். லெஸ்டர், யாருன்னு நீயே முடிவு பண்ணி அவங்க முன்னாடி சொல்லு" என்றாள்.

கத்தியைக் கொண்டுபோய் லெஸ்டர் கையிலேயே கொடுத்தால் அவன் தன் கழுத்தையா அறுத்துக்கொள்வான்? அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"என்னைத்தான் அனுப்புவான், இல்ல க்ளெம்?" என்றான் ஆர்வில்.

"மச்சானையே வித்தவன்டா அவன், நீ எம்மாத்திரம்?" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கிண்டல் பண்ணாதடா. பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவன் நான். இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்? டோரிஸ் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டோரிஸ் அவன் மனைவி. இந்த மேனேஜர் வேலையை நம்பித்தான் வீடு வாங்கியிருந்தார்கள்.

சாயங்காலம் அறை முழுக்கச் சுருட்டுப் புகை. பத்திரிகைக்காரர்கள் பென்சிலும் கையுமாக முண்டியடித்தார்கள். மிஸஸ் வோகல் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். லெஸ்டர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நடுவே நின்றான். பேசுவதற்கு முன் ஆர்வில் பக்கம் திரும்பினான். நானும் ஆர்வில் அருகில்தான் நின்றேன். மற்றவர்கள் பார்க்காதபடி தொப்பியைக் கன்னத்தோரம் தூக்கினான்.

வாய் திறந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, கூட ஆடியவனை அனுப்புவதற்கு அந்தச் சைகைதானா கிடைத்தது உனக்கு?

ஆர்விலின் முகம் வெளுத்தது, பிறகு ஜிவுஜிவு என்று சிவந்தது. "'நீ'யா? என்னைப் பாத்தா 'நீ'ன்னு காட்டுற?" என்று கத்தினான். "த்தூ! உனக்காகத் தளத்துல நின்னு, ஓடி வந்த எத்தனை பேரோட ஆணிச் செருப்பை என் கால்ல வாங்கியிருப்பேன்! நீ என்னடா என்னைத் துரத்துறது? நானே போறேன். இந்த அணியும் வேணாம், உன் சகவாசமும் வேணாம். எழுதிக்கங்கய்யா, ஆர்வில் ட்ராஸ்க் வேலையை விட்டுட்டான்!" தன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். அது மிஸஸ் வோகலின் மடியில் போய் விழுந்தது.

ஒரு நிருபர் டெலிபோனைத் தேடி ஓடியே விட்டான்.

லெஸ்டர் அசையவில்லை. தொப்பி இன்னும் அவன் கன்னத்தோரம்தான் இருந்தது. வாயும் திறந்தபடிதான் இருந்தது. ஆனால் இப்போது அது சைகை இல்லை.

"நான் போறேன்னு சொல்லத்தான்டா வந்தேன்" என்றான் கடைசியில். "உருப்படாதவனுங்களை வாங்கிப் போட்டது நான். நீ என்னடா பண்ணுவ? நீ இரு, தளம் உன்னோடதுன்னுதான் காட்டினேன்."

எனக்கு மண்டையில் அடித்தது போல இருந்தது. மைதானத்தில் அந்த 'நீ'க்கு வேறு அர்த்தமே கிடையாதே! தளம் உன்னுடையது, போய் நில், அவ்வளவுதான். வேலை போகிற பயத்தில் ஆர்வில் அதை மறந்தான். பார்த்துக்கொண்டு நின்ற நானும் மறந்தேன்.

"மேடம், அவன் புரியாம பேசிட்டான். நான் போறேன், அவனை விட்டுடுங்க" என்றான் லெஸ்டர். யாரிடமும் அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

மிஸஸ் வோகல் மடியிலிருந்த தொப்பியை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டாள். "இதை என் மேல எறிஞ்சவனுக்கு நான் சம்பளம் குடுக்கணுமா? ஒருத்தன் போனா போதும்னு நெனச்சேன். ரெண்டு பேருமே கிளம்புங்க. க்ளெம், நாளைக்கு ஆட்டத்தை நீ பாத்துக்கோ."

சரி என்றேனா, இல்லை என்றேனா, எனக்கே நினைவில்லை.

எல்லோரும் போனபிறகு அவர்கள் இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்வில் அழுதுகொண்டிருந்தான்.

"பாவி, அதை வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?"

லெஸ்டர் அவனைப் பார்க்கவில்லை.

"தொறந்துதானேடா சொன்னேன்" என்றான்.