கண்மாய் அழியாத வருஷங்கள்

1998 பங்குனியில் உருளைக்கரைக் கண்மாய் மீன்கள் தண்ணீரை விட்டு எழும்பி, பனை உயரத்தில் காற்றில் நீந்தத் தொடங்கின. அந்த வாரம் எட்டயபுரத்தில் மிளகாய் வத்தல் விலை இறங்கியிருந்ததால், ஊரில் முதல் பேச்சு அந்த விலையைப் பற்றித்தான் இருந்தது.

மழைக்கு முன் கண்மாய்க் கரையை மண் போட்டுப் பலப்படுத்துகிறவர்களுக்கு அங்கே கூலி கிடையாது; கண்மாய் மீன்தான் கூலி. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும், ஊர் வழக்கப்படி அதற்கு உரியவரான வேல்சாமி கரையில் நின்று "அழி!" என்று கத்துவார். ஊரே அடியில்லாத ஊத்தாக் கூடைகளோடு இறங்கி, கவிழ்த்துக் கவிழ்த்து மீன் பிடிக்கும். அதற்குப் பெயர்தான் கண்மாய் அழிப்பது. அவர் மனைவி பெருமாயி தன் பங்கைக் கருவாடாக்கி வைப்பாள். அடைமழையில் தீக்குச்சி காயாது, தீப்பெட்டி ஆபீசில் வேலை இருக்காது. அந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு இறங்க அந்தக் கருவாடுதான்.

அந்த வருஷம் மீனை ஏலத்தில் எடுத்தவர் கடற்கரைப் பக்கத்து வியாபாரி விஜயராஜ். டீக்கடையில் வேல்சாமி அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "வெள்ளிக்கிழம கண்மாய அழிக்கப் போறோம் அண்ணாச்சி. நீங்களும் வந்திருங்க." கரையை உடைக்கப் போகிறார்கள் என்று நினைத்த விஜயராஜ் போலீசுக்கு ஓடினார். வேல்சாமியைப் பிடித்துப் போனார்கள். கண்மாய்ப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று ஜாமீன் கொடுத்தார்கள். அவர் கோவில்பட்டியில் மூட்டை தூக்கினார். வெள்ளிக்கிழமை விஜயராஜின் ஆட்கள் வலையை இறக்கினார்கள். மீன்கள் மேலே போயின.

கெளுத்தி, விரால், விஜயராஜ் குஞ்சு விட்டு வளர்த்த கட்லா எல்லாமே போயின. பனையேறிகளை வைத்து வலை வீசிப் பார்த்தார். புகையைத் துழாவியதுபோல் வலை வெறுமனே திரும்பியது. மழை பெய்து கண்மாய் நிறைந்தும் அவை இறங்கவில்லை. மேலேயே குஞ்சு பொரித்தன. காலை வெயிலில் வெள்ளை வயிறுகள் மினுங்க, அவற்றின் நிழல் பருத்திக்காட்டின் மேல் ஊர்ந்து போகும்போது களை எடுத்தவர்கள் வேலையை விட்டு அண்ணாந்து நின்றார்கள். அதற்குக் கூலி பிடிக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு பெரிய விரால் பெருமாயி வீட்டுக் கூரையருகே தாழ்ந்து வந்து நின்றது. "ஏட்டி, தொரட்டிய வச்சு இழு. பிள்ளைக பட்டினியால்லா கெடக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி.

"அழின்னு சொல்லாம எடுத்தா அது களவு. அப்புறம் எனக்கும் அந்த ஏலக்காரருக்கும் என்னட்டி வித்தியாசம்?" என்றாள் பெருமாயி. இரண்டு அடைமழைக் காலம் அந்த வீட்டில் உப்புக்கஞ்சிதான்.

2000 கோடையில், போலீஸ் தரப்புச் சாட்சியாக வந்த டீக்கடைக்காரரே கண்மாய் அழிப்பது என்றால் என்ன என்று விளக்கிவிட, வழக்கு தள்ளுபடியானது. வேல்சாமி கோர்ட்டிலிருந்து நேரே கரைக்கு வந்து "அழி!" என்று கத்தினார். டவுன் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் மாதிரி மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கால் தண்ணீரில் இறங்கின. முதல் ஊத்தாவைக் கவிழ்த்த பெருமாயி கரையில் நின்ற விஜயராஜைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, புது மாப்பிள்ள மாதிரி நிக்குதீங்க? வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு எறங்குங்க. அழின்னா எல்லாருக்குந்தான்."

அவர் இறங்கினார். இரண்டு விரால் கிடைத்தது.

அதன் பிறகும் ஏலம் விடத்தான் செய்கிறார்கள். யாராவது எடுத்தால் மீன்கள் மேலே போய்விடும். உருளைக்கரையில் பெண்கள் மேலே மீன் நிற்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுகிறார்கள்.