தமிழ் தெரிந்த ஆறு பேர்

லெட்சுமணன் ஒரு கட்டிலை நான்கு நிமிடத்தில் விரிப்பான். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, தலையணை அசையாது, அவன் வந்துபோனதே அறையில் இருப்பவருக்குத் தெரியாது. கண்டி வாவிக்கரையில் ஒரு ஹோட்டலில் பன்னிரண்டு வருடமாக அவன் பார்த்த அறைப்பையன் வேலை, அங்கே சொல்கிறபடி 'ரூம் போய்' வேலை, அதுதான். ஆனால் 1996 ஜனவரிக் கடைசியில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, கட்டில் விரித்துக் கிடந்தது, படுக்கத்தான் ஆள் இல்லை. மூன்றாம் மாடியைப் பூட்டினார்கள். ஏப்ரல் வருடப்பிறப்போடு ரூம் போய்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது.

அந்த நேரத்தில் பயிற்சிச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு ஹோட்டல்களுக்குப் போகிறவர்களுக்காக, அறைப் பராமரிப்பில் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். சிங்கள வகுப்புக்குப் பயிற்றுநர் கிடைத்துவிட்டார். தமிழுக்கு ஒருவர் வேண்டும். சபை பரீட்சித்து அங்கீகரிக்கிற ஆளை ஹோட்டல் வேலையிலிருந்து நிறுத்தாது. பூட்டிய மாடியிலேயே வகுப்பை நடத்தலாம். மேற்பார்வையாளர் விஜேகோன் நோனா இதைச் சாப்பாட்டறையில் வாசித்துவிட்டு, "உங்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். முப்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. லெட்சுமணனும் தட்டிலிருந்த பருப்பை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்காமல் என்ன செய்வான்? அங்கே அவன் பெயர் லக்ஷ்மன். எண்பத்து மூன்றில், ஆடிக் கலவரத்தில், பிலிமத்தலாவையில் அவன் வேலை பார்த்த துணிக்கடை எரிந்தது; பின்வாசல் வழியாக ஓடித் தப்பினான். அடுத்த வருடம் ஹோட்டலில் சேர்ந்தபோது, சட்டையில் குத்துகிற பெயர்த்தகட்டில் என்ன எழுதட்டும் என்று கேட்டார்கள். வாய் தானாகவே சிங்களவர் போல லக்ஷ்மன் என்றது. காரியாலயக் கோப்பில் ஒரு பெயர், நெஞ்சில் ஒரு பெயர். அவன் பேசும் சிங்களத்தைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அவனுக்குத்தான் பன்னிரண்டு வருடமாகத் தினமும் சந்தேகம்.

அன்று மாலை நோனாவின் அறைக் கதவைத் தட்டினான். "கடையில் இருந்த காலத்தில் கொஞ்சம் தமிழ் பழகினேன்" என்றான். கொஞ்சமாம்! நோனா அலுமாரியிலிருந்து அவனுடைய கோப்பை எடுத்து, திறக்காமலேயே மேசையில் வைத்தார்.

"உன்னுடைய கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், லக்ஷ்மன். விண்ணப்பத்தை நிரப்பு."

ஹோட்டலில் அவனுக்கு நெருக்கம் என்றால் லொண்டரியில் துணி வெளுக்கும் சிறிபால ஒருவன்தான். பதினொரு வருடமாக இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஒருவன் கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலில் மற்றவனுக்குப் பங்கு உண்டு. சிறிபாலவுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருப்பதும் தெரியும், ஆனால் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. ஆனால் நெருக்கம் எவ்வளவோ பயமும் அவ்வளவு. கண்டுபிடிப்பதென்றால் பக்கத்தில் இருக்கிறவன்தானே முதலில் கண்டுபிடிப்பான்? விண்ணப்பித்த விஷயத்தை அவனிடம் மறைக்க முடியாது என்பதால் அதே துணிக்கடைக் கதையைச் சொன்னான். சிறிபால சிரித்தான். "அப்படியென்றால் இனிமேல் நீ தமிழனா?" என்று சிங்களத்தில் கேட்டான். லெட்சுமணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்தபடியே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

பரீட்சை இதுதான்: தமிழ் தெரிந்த ஆறு பேரை விண்ணப்பிக்கிறவனே கூட்டி வர வேண்டும். அவர்களுக்கு இருபது நிமிடம் பாடம். பிறகு பரீட்சகர் ஆறு பேரில் ஒருவரைக் காட்டுவார்; அந்த ஆள் விரிக்கிற கட்டிலுக்குத்தான் புள்ளி. ஆறில் ஒருவர் குறைந்தாலும் பரீட்சை கிடையாது, அடுத்த வருடம் பார்க்கலாம். அடுத்த வருடம் லெட்சுமணனுக்கு ஹோட்டலே கிடையாது.

மஹய்யாவையில் குடியிருந்த வாடகை அறையில், மனைவி சிவமணியை நிற்க வைத்துப் பாடம் நடத்திப் பழகினான். கட்டிலை நான்கே நிமிடத்தில் விரித்து நிமிர்ந்தான்.

"என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் சிவமணி.

"பாத்தீல்ல?"

"பாத்தேன். நீங்க வாயே தொறக்கலியே."

உண்மைதான். விருந்தினர் அறையில் சத்தம் போடாதே என்பதுதான் அவன் படித்த முதல் பாடம். வாயைக் கட்டிக்கொண்டு செய்த வேலைக்குத் திடீரென்று வாய் எங்கிருந்து வரும்? வற்புறுத்திப் பேசினால் சிங்களம் வந்தது. சிவமணி விரிக்கத் தொடங்கினால், பொறுக்காமல் அவள் கையிலிருந்து பிடுங்கித் தானே மடித்தான். "இப்புடிப் பிடுங்குறதுக்கு நான் எதுக்கு?" என்று அவள் தலையணையாலேயே அவனை ஒரு போடு போட்டாள். இரண்டு கிழமையில் ஒருமாதிரியாக வாய் திறந்தது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

வந்தது ஐந்து பேர். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருத்தியிடம் அடையாள அட்டை இல்லை. தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம் செல்லாது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சபையிலிருந்து வந்த பரீட்சகர் செசிலியா, யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து பேரையும் எண்ணினார், காலியாக இருந்த ஆறாவது கதிரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு பேர் இல்லாட்டி நான் பாக்கேலாது, தம்பி. அது என்ர கையில இல்லை. கால் மணித்தியாலம் தாறன்."

லெட்சுமணன் முதலில் ஓடியது லொண்டரிக்கு. "இந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரையாவது உனக்குத் தெரியுமா? ஒரே ஒரு ஆள். இல்லாவிட்டால் என் வேலை போச்சு" என்று சிங்களத்தில் கெஞ்சினான். சிறிபால மடித்துக்கொண்டிருந்த விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு எங்கே தெரியும்?" என்றான். அங்கிருந்து, கண்டியிலேயே உள்ள கொழும்பு வீதியில், தமிழ் பேசுகிற சாஹுல் ஹமீதின் கடைக்கு ஓடினான். "வேலையாள் இன்னக்கி வரல்ல மகன். நான் கடைய உட்டுட்டு எப்புடி வாற?" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. லெட்சுமணன் திரும்பினான். சிவமணியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறினான்.

கதவருகே விஜேகோன் நோனாவும் இரண்டு ரூம் போய்களும் நின்றார்கள். உள்ளே ஆறாவது கதிரையில், ஈர ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், சிறிபால உட்கார்ந்திருந்தான்.

லெட்சுமணன் அவனிடம் விரைந்தான். வேடிக்கை பார்க்க வந்துவிட்டான் பாவி. "எழுந்திரு சிறி," என்று சிங்களத்தில் சொன்னான், "இது தமிழ் தெரிந்தவர்களுக்கு."

"தெரியும்ணே," என்றான் சிறிபால. "நேரம் போவுது, ஆரம்பிங்க."

தமிழ். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து வளர்ந்தவனின் தமிழ். கதவருகே நின்ற ரூம் போய் ஒருவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். செசிலியா பேனாவை எடுத்தார்.

"உங்கட பேர் என்ன? அடையாள அட்டையில உள்ளபடி சொல்லுங்கோ."

"கறுப்பையா."

சொல்லிவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டான்.

அந்த இருபது நிமிடம் என்ன பேசினான் என்று பிறகு கேட்டால் லெட்சுமணனுக்குச் சொல்லத் தெரியாது. பேசினான், அவ்வளவுதான். முடிந்ததும் செசிலியா நேராகக் கறுப்பையாவைக் காட்டினார். பதினொரு வருடமாக ஆயிரக்கணக்கில் விரிப்பு வெளுத்தவன், ஒன்றையாவது கட்டிலில் விரித்ததில்லை. முதல் மூலையிலேயே துணி கோணிக்கொண்டு போனது. லெட்சுமணனின் கை தானாக நீண்டது.

"கைய எடுங்கோ, தம்பி. வாயால சொல்லுங்கோ."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "கால்மாட்டுல மொதல்ல சொருவு. ம். இப்ப மூலையில இருந்து ரெண்டு சாண் தள்ளிப் பிடி, தூக்கிக் கட்டில் மேல போடு. கீழ தொங்குறதச் சொருவு. அவசரப்படாத. இப்ப மேல போட்டத எறக்கு, இழுத்துச் சொருவு."

பதினொரு நிமிடம் எடுத்தது. நாலு மூலையில் மூன்று நன்றாக வந்தது, ஒன்று கொஞ்சம் தளர்வு. செசிலியா மெத்தையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையாக இழுத்துப் பார்த்து, ஏதோ எழுதினார்.

"ஓம், இவ்வளவு காணும். அங்கீகாரக் கடிதம் தபாலில வரும், மாஸ்டர்."

மாஸ்டர்! லெட்சுமணனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஐந்து பெண்களையும் பஸ் ஏற்றிவிட்டு நேரே லொண்டரிக்குப் போனான். கறுப்பையா மறுபடியும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். அவனோடு வேலை செய்கிற இருவர் இன்றைக்கு மேசையின் அடுத்த கோடிக்குத் தள்ளிப் போயிருந்தார்கள்.

"ஏன்டா, பதினொரு வருசம்! ஒரு வார்த்த சொல்லலியேடா!"

"நீங்க மட்டும் சொன்னீங்களாண்ணே?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் லெட்சுமணன், "ஒன் பாப்பா எந்தத் தமிழ் ஸ்கூல்ல படிக்கிறா? அவளுக்கு என்னமாச்சும் வாங்கித் தரணும்" என்றான்.

"தமிழ் ஸ்கூல் இல்லண்ணே. மொதல்ல அங்கதான் போட்டிருந்தேன். மூணு வருசத்துக்கு முந்தி, மே தினத்தன்னிக்குக் கொழும்புல குண்டு வெடிச்சிச்சே, அன்னிக்கு இந்த எடத்துல நின்னு நீங்க ஒரு சத்தம் போட்டீங்க. தமிழ் ஸ்கூலையெல்லாம் இழுத்துப் பூட்டணும், அங்கதான் புலிய வளக்கிறாங்கன்னு. மறு மாசமே அவளச் சிங்கள ஸ்கூலுக்கு மாத்திட்டேன். நீங்க என்னைக்காவது வீட்டுக்கு வந்து அவகிட்டப் பேச்சுக் குடுத்தா மாட்டிக்குவோமேன்னு பயம். இப்ப என்கிட்டயே அவ தமிழ் பேச மாட்டேங்கிறா."

குறை சொல்வது போலச் சொல்லவில்லை; கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அந்த நாள் லெட்சுமணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரேடியோவில் செய்தி வந்ததும் அவன் அப்படித் தொண்டை கிழியக் கத்தியதற்குக் காரணம், எதிரே நின்ற சிறிபால தன்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.