நாமா, நாங்களா

சாயங்காலமானால் நான் சின்னக்கடைத் தெருவுக்குப் போவது சண்டை பார்க்கத்தான். அங்கே முருகவேலும் தௌஹீதும் சேர்ந்து ஒரு செல்போன் கடை நடத்துகிறார்கள். முருகவேல் முன்னால் நின்று விற்பான். தௌஹீத் பின்னால் உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பான். பதினாலு வருஷமாக இதே ஏற்பாடு. வேங்கிக்காலில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிற எனக்கு, அந்தக் கடையில் ஒரு மணி நேரக் கூச்சல் கேட்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

சண்டைக்குக் காரணம் இரண்டு தொடர்கள். இரண்டும் வெளிநாட்டு விண்வெளிக் கதைகள், தமிழில் குரல் கொடுத்து போனில் வருபவை. முருகவேல் ‘ஆறாம் சந்திரன்’ கட்சி. தௌஹீத் ‘தூரக்கரை’ கட்சி.

"உன்துல பத்து எபிசோடா தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு பேசிக்கினே இருக்காங்க பாய். அத நான் எங்க தெருக் குழாயாண்டயே கேட்டுக்குவேன்," என்பான் முருகவேல்.

"உன்துல குண்டு வெடிச்சா டமால்னு சத்தம் வருது. அங்க காத்தே கிடையாது. சத்தம் எப்படி முருகு வரும்?"

"சத்தம் இல்லாத சண்டைய எவன் பாப்பான்?"

உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்து நிற்பார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒரு பெங்களூர்க்காரர், சார்ஜர் வாங்க ஏறியவர், அரைமணி நேரம் முருகவேல் கட்சியில் சேர்ந்து வாதாடிவிட்டு சார்ஜர் வாங்காமலே போய்விட்டார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்பதும் அந்தச் சிரிப்பில் சேர்த்தி.

‘தூரக்கரை’க்குத் தமிழ் வசனம் எழுதுகிறவன் நான்தான். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ‘சகாதேவன் அண்ணன் ஏதோ கம்ப்யூட்டர்ல மொழிபெயர்க்கிறாரு’ என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். என் வசனத்தை என் எதிரிலேயே திட்டும்போது வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

போன வாரம் ‘தூரக்கரை’யின் முதல் பாகம் முடிந்தது. கடைசிக் காட்சியில் கப்பல் பூமிக்குத் திரும்பப் புறப்படுகிறது. கப்பலில் எது பழுதானாலும் சரிசெய்கிற பெக்கோ என்ற எந்திரம், நிலையத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறது. அதனிடம் கேப்டன் ரேடியோவில் பேசுகிறார். ‘நாங்க வீட்டுக்குப் போறோம், பெக்கோ.’ அவ்வளவுதான், திரை இருண்டுவிடுகிறது.

"அம்போன்னு வுட்டுட்டுப் போய்ட்டான் உங்க கேப்டன். நன்றி கெட்டவன். எங்க ஆளா இருந்தா ஒரு போல்ட்டக்கூட வுட்டுட்டு வரமாட்டான்," என்றான் முருகவேல். தௌஹீதால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. கேப்டன் ‘நாம’ என்றுதான் சொல்லியிருப்பார், ‘நாங்க’ என்றது தமிழில் எழுதினவன் செய்த தப்பு, அவனைப் பிடித்து உதைக்க வேண்டும் என்றான். உதைபட வேண்டியவன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவில்தான் நேற்றுக் காலை முருகவேல் வேங்கிக்காலுக்கு என் வீடு தேடி வந்தான். சின்னக்கடைத் தெருக் கட்டடத்தை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறார்கள், ஒண்ணாந்தேதிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேங்கிக்காலிலேயே கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் புதுக்கடை பிடித்ததும் தெரியும். வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"புதுக்கடையில புகழேந்தி உக்கார்றான்ணே. என் வீட்டுக்காரியோட அண்ணன். ரிப்பேரெல்லாம் கத்துக்கினு வந்துட்டான்."

"அப்ப தௌஹீத்?"

"இடம் இல்லண்ணே. வூட்ல முடிவு பண்ணிட்டாங்க, என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க பாய்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க. எனக்கு அவன் மூஞ்சப் பாத்தா வாய் வர்ல."

கெட்ட கோபம் வந்தது எனக்கு. பதினாலு வருஷம் தோளோடு தோள் நின்றவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வக்கில்லையா, நான் என்ன உன் போஸ்ட்மேனா என்று கத்தினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில், சரி, சொல்லித் தொலைக்கிறேன் என்று நானே சொன்னேன். என் கோபத்தின் யோக்கியதை எப்போதும் இதுதான்.

இன்று மாலை கடை ஏறும்போதே முருகவேல் என்னைப் பார்த்தான். இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் தௌஹீத் உள்ளேயிருந்து போனை நீட்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, வாங்க. மாட்டிக்கினான் முருகு. எங்க சதஃப் இங்கிலீஷ்ல போட்டுக் காட்டுச்சு."

சதஃப் அவன் மகள், காலேஜில் இரண்டாம் வருஷம். போனில் கேப்டன் இங்கிலீஷில் அந்த வரியைச் சொன்னார். தௌஹீத் அதை மூன்று தடவை ஓடவிட்டான்.

"கேட்டீங்களா? வெறும் ‘வீ’. இங்கிலீஷ்ல நாமளும் ‘வீ’தான், நாங்களும் ‘வீ’தானாம். எதிர்ல இருக்கறவன சேத்து சொன்னானா, கழிச்சு சொன்னானான்னு அவங்க பாஷையிலயே இல்ல. இங்க எழுதினவன் அவனா கழிச்சிட்டான்."

"அவன் முட்டாளா பாய்? யோசிச்சுத்தான் எழுதியிருப்பான்," என்றான் முருகவேல். சுரத்தே இல்லாத குரல். எதிர்க்கட்சி என்பதால் ஏதோ சொல்லி வைத்தான்.

"அண்ணன் படிச்சவரு. இதே வேலை பாக்கறவரு. அண்ணனே சொல்லட்டும். அது தப்புதானேண்ணே?"

தப்பில்லை. அந்த வரியை எழுதும்போது நானும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். எந்திரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். சேர்க்காமல் என்று ஒரே வரியில் பதில் வந்தது. இப்போது இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு எபிசோடு தாண்டியாகிவிட்டது. பெக்கோவைத் தேடி யாரும் போகவில்லை, அதன் பேரைக்கூட யாரும் எடுக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல முடியாது என்பது ஒரு பக்கம். சொல்லலாம் என்று இருந்திருந்தால்கூட, அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லியிருக்க முடியாது.

"தப்புதான்பா," என்றேன். "நாமன்னு சொன்னா உதடு ஒட்டும். அங்க கேப்டன் மூஞ்சி கிட்டத்துல தெரியுது, உதடு ஒட்டல. வாயசைவுக்கு ஒத்து வரணும்னு நாங்கன்னு போட்டிருப்பாங்க. நீ சொல்றதுதான் சரி."

"அப்படிப் போடுங்க." தௌஹீத் மேசையைத் தட்டினான். ஒரு வாரமாக வாடியிருந்த ஆள் நிமிர்ந்து நின்றான். "கேப்டன் திரும்பி வந்து கூட்டிக்கினு போவான். ரெண்டாம் பாகத்துல பாருங்க."

முருகவேல் அதற்கு மேல் சண்டை போடவில்லை. "டீ சொல்லிட்டு வர்றேன்," என்றபடி செருப்பை மாட்டினான். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. டீக்கடை பக்கத்துக் கடைதான். அவன் அதைத் தாண்டி தேரடித் தெருப் பக்கம் நடப்பது தெரிந்தது. பாவி, எனக்கு நேரம் கொடுத்துவிட்டுப் போகிறான்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமினேன். தௌஹீத் முந்திக்கொண்டான். தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் பாதி இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உங்ககிட்டதான் கேக்க முடியும். போன வாரம் முருகு இதே மாதிரி ஒண்ணு சொன்னான். ‘ஒண்ணாந்தேதி நாங்க வேங்கிக்கால்ல கடை திறக்கறோம் பாய்’னான். வேற யாருகிட்டயும் சொல்லல, என் எதிர்ல நின்னு என்கிட்ட சொல்றான். என்கிட்ட சொன்னா நாமன்னுதானேண்ணே வரணும்?"

ஒரு வாரமாக இவன் ஏன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான் என்று அப்போதுதான் புரிந்தது.

"கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா சங்கடப்படுவான்னு வுட்டுட்டேன். அன்னிக்கு ராவே அந்தக் கடைசி எபிசோடு வந்துச்சு, மனசே சரியில்லாம போச்சு. இப்ப நீங்க சொன்ன பிறகுதான் தெளிஞ்சுது. படிச்சவன் எழுதறதுலயே மாறிப் போவுது, பேச்சுல மாறாதா? இதுவும் வாய்தவறி வந்ததுதானேண்ணே?"

ஆமாம் என்று ஒரு சொல். சற்று முன்பு எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இப்போது சொன்னால் ஒண்ணாந்தேதி காலையில் ரிப்பேர் சாமான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்து நிற்பான். இல்லை என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. வசனம் எழுதிச் சாப்பிடுகிறவன், ஒரு வார்த்தை கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டு அவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் இயலாமையை நினைத்து எனக்கே அழுகை வந்தது.

தௌஹீத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை அணைத்து மேசைமேல் வைத்தான்.

"அப்ப கேப்டனும் நாங்கன்னுதான் சொல்லியிருக்கான்," என்றான்.