தண்ணீர்க்காரர் சொன்னது

விஸ்கான்சினின் வடக்கே ஓர்ட்டன் மில்ஸ் என்ற சிறிய ஊரின் குடிநீர் நிலையத்தில் லைல் டோர்ன் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்துவந்தார். இரண்டு கிணறுகள், ஒரு மேல்நிலைத் தொட்டி, நானூற்றுச் சொச்சம் வீடுகள். எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். தினமும் காலையில் குழாயிலிருந்து ஒரு குப்பி தண்ணீர் பிடித்து, அதில் சோதனை மருந்து சேர்த்து, மீட்டருக்குள் வைத்துப் பார்ப்பார். பல் சொத்தையாகாமல் இருக்க ஊர்த் தண்ணீரில் சேர்க்கும் ஃப்ளூரைடு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் இருக்கவேண்டும். கொஞ்சம் கூடியிருந்தால் ஃப்ளூரைடு விடும் சின்னப் பம்பின் திருகைக் குறைப்பார், குறைந்திருந்தால் கூட்டுவார். அதன் பிறகுதான் காப்பி.

காப்பிக்கு வெர்ன் ஹாகன் வந்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து இருவரும் மீன் பிடிப்பார்கள். வெர்னின் மனைவி ஆர்டிஸ் எலும்புப் புற்றுநோயில் பதினான்கு மாதம் கிடந்து இறந்தபோது, சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர் லைல்தான். அந்தக் குளிர்காலம் வெர்ன் ஏரிப் பக்கமே போகவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏன்டா லைல், அது எலும்புல போய்த் தங்குமாமே?”

“எதுடா?”

“தினம் நீ தண்ணியில விடுறியே, அது.”

லைல் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எவ்வளவு சொட்டு, எவ்வளவு தண்ணீர், எத்தனை வருஷமாக எத்தனை ஊர்களில் இது நடக்கிறது என்றெல்லாம். வெர்ன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். “அத வெச்சிருக்கிற ரூமைக் காட்டேன்” என்றார். லைல் பூட்டைத் திறந்து நீலப் பீப்பாயைக் காட்டினார். வெர்ன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டபோது லைலுக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை.

தண்ணீரில் ஃப்ளூரைடு விடுவதை நிறுத்தலாமா என்று பேச அக்டோபரில் ஊர் மன்றம் பொதுக்கூட்டம் கூட்டியது. கூட்டம் அதிகம் என்பதால் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். மாவட்டத்திலிருந்து வந்த பல் மருத்துவப் பணியாளர் ஒரு பெண், படங்கள் காட்டி நன்றாகத்தான் பேசினாள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அடுத்து வெர்ன் எழுந்தார். பீப்பாயின் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் படிச்சுக்கலாம்” என்றார். “தோல் வெந்துபோகும்னு எழுதியிருக்கு. இதத் தொடணும்னா லைல் முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கறான். முகத்துக்கும் மூடி. நான் அவனைக் குத்தம் சொல்லல. அவன் என் சிநேகிதன். ஆனா ஆர்டிஸ் முப்பத்தொம்பது வருஷம் இந்தத் தண்ணியத்தான் குடிச்சா. உனக்கு வேணுமா வேணாமான்னு அவள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

குரல் உடைந்தது. மூன்று நிமிஷ மணியை அடிக்க மன்றத் தலைவி போனி காஸ்பருக்குக் கை வரவில்லை.

லைலுக்குப் பதில் தெரியும். பீப்பாயில் இருப்பது வேறு, குழாயில் வருவது வேறு. கிருமி கொல்லப் போடும் குளோரினைத் தொடவும் அதே கையுறைதான். ஆர்டிஸின் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அவர் படித்த எந்த ஆய்வும் உறுதியாகச் சொன்னதில்லை. ஆனால் இதையெல்லாம் சொல்வதும், ‘உன் பெண்டாட்டி ஒரு காரணமும் இல்லாமலே செத்துப்போனாள்’ என்று வெர்னின் முகத்துக்கு நேரே சொல்வதும் அவருக்கு ஒன்றாகவே பட்டது.

போனி அவரைக் கூப்பிட்டாள். “லைல், நீங்க ஊர் ஊழியர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.”

கேட்டது ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர். “ஒரே கேள்விதான் சார். இதனால எவனுக்கும் எந்தக் காலத்துலயும் கெடுதல் வராதுன்னு நூத்துக்கு நூறு சொல்லுவீங்களா?”

லைல் வெர்னைப் பார்த்தார். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெர்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூத்துக்கு நூறுன்னு எதையும் யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா...”

கைதட்டல் எழுந்தது. லைல் வாயைத் திறந்தபடி நின்றார். தட்டி முடித்தபோது அவருடைய நேரமும் முடிந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி ஜோயான் கேட்டாள்: “ஏன் ‘ஆனா’வோட நிறுத்திட்ட?”

“நான் எங்க நிறுத்தினேன்?”

“உரக்கச் சொல்லியிருக்கலாம்ல?”

“வெர்ன் முன்னாடியா?”



அந்த வாரமே புல்வெளிகளில் அட்டைகள் முளைத்தன. ‘உறுதியாகச் சொல்ல முடியாது: நம் தண்ணீர்க்காரர்.’ அவர் தெருவிலேயே மூன்று வீடுகளில் இருந்தது. எடுக்கச் சொல்லிப் போய்க் கேட்டார். “நீங்க சொன்னதுதானே லைல்?” என்றார்கள் மரியாதையாகத்தான். சொன்னதுதான். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ஊழியர்கள் எழுதக்கூடாது என்று போனி தடுத்துவிட்டாள்.

நவம்பரில் ஃப்ளூரைடை நிறுத்தும் தீர்மானம் நான்குக்கு மூன்று என்று நிறைவேறியது. மறுநாள் காலை லைல் தன் கையாலேயே பம்பை அணைத்தார். வசந்தத்தில் லாரி வந்து பீப்பாய்களை எடுத்துப்போனது. பம்பையும் கழற்றிவிடச் சொன்னார்கள்.

வெர்ன் புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். “கோவிச்சுக்காதடா. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல.”

“தெரியும்டா. உக்காரு.”

பழையபடி காப்பி குடித்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

வெர்னின் மகள் வேலைக்காக வேறு மாநிலம் போனபோது, குழந்தை டெஸாவை வெர்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பம்பை நிறுத்தியபோது டெஸாவுக்கு ஒரு வயது. நான்கு வயதில் அவள் சாப்பிடமாட்டேன் என்று அழ ஆரம்பித்தாள். ஒருநாள் கன்னம் வீங்கிவிட்டது. அரசுக் காப்பீட்டை ஏற்கிற பல் டாக்டர் மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் பார்த்துவிட்டு, இத்தனை சொத்தைப் பல்லையும் மயக்கம் கொடுத்துத்தான் சரிசெய்யமுடியும், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார். அங்கே முறை வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் குழந்தை ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒரு பக்கமாகவே மென்றாள்.

வெர்னுக்குக் கண்ணில் புரை. ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லைல்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் பனி. ஆஸ்பத்திரியில் நீல உடுப்பு போட்ட நர்ஸ் டெஸாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் “தாத்தா!” என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். கதவு மூடிக்கொண்டது.

வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

“லைல், இது அதனாலயா?”

“தெரியலடா.”

“உனக்குத் தெரியும். சொல்லு.”

“உண்மையாவே தெரியல. ராத்திரி ஜூஸ் புட்டியோட தூங்குவாளே, அதுவும் இருக்கும். பல் டாக்டர் கிடைக்காதது இருக்கும். தண்ணியும் இருக்கலாம். இந்த ஒரு குழந்தைக்கு இதனாலதான்னு யாராலயும்...” லைல் நிறுத்திக்கொண்டார். தான் மறுபடியும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

“திட்டேன்டா. ஒரு தடவையாவது திட்டித் தொலையேன்.”

திட்டலாம் என்றுதான் லைலும் மூன்று வருஷமாக நினைத்திருந்தார். இப்போது எழுந்து போனார். இயந்திரத்திலிருந்து இரண்டு காப்பி எடுத்து வந்தார்.

ஆறு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். நான்கிற்கு உலோக உறை போட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்த டெஸா வாயில் பஞ்சோடு தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் பேச வெர்ன் பெயர் கொடுத்தார். லைலும் கூடப் போய் உட்கார்ந்தார். மன்றத்தார் ஏழு பேர், கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். வெர்ன் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“அன்னைக்கு நான் பேசினது ஆர்டிஸுக்காக. அது பொய்யுன்னு இப்பவும் எனக்குச் சொல்ல வரல. ஆனா இன்னொரு தடவை யோசிங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.”

போனி அன்போடுதான் பேசினாள். “வெர்ன், பம்பே இப்ப இல்ல. மறுபடி வைக்கறதுன்னா மாநிலத்துகிட்ட புதுசா அனுமதி வாங்கணும். ஊரும் ஒரு தடவை பட்ட பாடு போதும்னு இருக்கு. இருந்தாலும் கேக்கறேன். யாராவது முன்மொழியறீங்களா?”

ஒரு பெண் உறுப்பினர் கை தூக்கினாள்.

“வழிமொழியறது யாரு?”

சுவரில் இருந்த ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் தன் பேனாவைப் பார்த்தார். லைல் தன்னையறியாமல் கையைப் பாதி தூக்கிவிட்டார். போனி அவரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள்.

“உங்களுக்கு ஓட்டு கிடையாது, லைல்.”

யாரும் வழிமொழியாததால் தீர்மானம் விழுந்தது என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்தது பனி தள்ளும் வண்டிக்குப் புது பிளேடு வாங்குவது பற்றி. நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்காது என்று இருவரும் அது முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிளேடு ஒருமனதாக நிறைவேறியது.